கனடாவில் பி.ஆர். அட்டையிலிருந்து குடியுரிமை வரை: இடைப்பட்ட ஆண்டுகளில் கவனிக்க வேண்டியவை

கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) கிடைத்ததும் குடிவரவுக் கோப்பை மூடிவிடும் பழக்கம் நம்மவரிடையே பரவலாக உண்டு. வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று வாழ்க்கை ஓடத் தொடங்கியபின், குடியுரிமைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்ற கேள்வி ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போடப்படுகிறது. வாக்குரிமையும் கனடியக் கடவுச்சீட்டும் தவிர இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். சட்டத்தின்படி அந்த எண்ணம் தவறு. உரிமைகள் சுதந்திரங்கள் சாசனத்தின் 6ஆம் பிரிவு, கனடாவுக்குள் நுழையவும் இங்கே தங்கியிருக்கவும் வெளியேறவுமான உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே உறுதிசெய்கிறது. நிரந்தர வதிவாளர் நாட்டுக்குள் நுழைவதும் தங்குவதும் 2002 யூனில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டவை. குடிமகன் அல்லாத ஒருவருக்கு இந்த நாட்டில் இருப்பதற்கு நிபந்தனையற்ற உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1992இல் சியரெல்லி வழக்கில் தெளிவாகவே கூறியது. ஆகவே பி.ஆர். பெற்ற நாளுக்கும் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் எவற்றைச் செய்யலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

முதலில், எந்தக் குடிவரவு நிலையில் இருப்பவருக்கும் உள்ள உரிமைகளைச் சொல்லிவிடலாம். கனடிய மண்ணில் நிற்கும் எவருக்கும் சாசனத்தின் 7ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு உண்டு என்று 1985 ஏப்ரல் 4 அன்று சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அகதிக் கோரிக்கையாளர் ஒருவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவரை நேரில் விசாரிக்க வேண்டும் என்ற நடைமுறை அந்தத் தீர்ப்பிலிருந்து வந்தது. கைது செய்யப்படுபவருக்கு அதற்கான காரணத்தை அறியவும், தாமதமின்றிச் சட்டத்தரணியுடன் பேசவும் உரிமை உண்டு. விசாரணையின் மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வழங்கப்பட வேண்டும். குடிவரவுக் காரணத்துக்காகத் தடுத்துவைக்கப்பட்டவரின் தடுப்பு 48 மணி நேரத்திற்குள்ளும், பின்னர் ஏழு நாட்களுக்குள்ளும், அதன்பின் 30 நாட்களுக்கு ஒருமுறையும் மீளாய்வு செய்யப்பட வேண்டும். 2010 ஓகஸ்ட்டில் எம்.வி. சன் சீ கப்பலில் வந்த இலங்கைத் தமிழ் அகதிக் கோரிக்கையாளர்கள் 492 பேரில் பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தபோது இந்த மீளாய்வுகளுக்கே மீண்டும் மீண்டும் முகம்கொடுத்தார்கள். ஒன்ராறியோவில் பெற்றோருக்குக் குடிவரவு நிலை இல்லை என்பதற்காகப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுக்க முடியாது என்பதை மாகாணக் கல்விச் சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. இதை அறியாமல் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

730 நாட்கள் என்ற கணக்கு

நிரந்தர வதிவாளர் ஒவ்வோர் ஐந்து ஆண்டுக் காலத்திலும் குறைந்தது 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அந்த நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அதிகாரி உங்கள் கோப்பைப் பார்க்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து ஆண்டுகள் எண்ணப்படும். வதிவிட உரிமை பெற்று ஐந்து ஆண்டு முடியாதவராயின், மீதிக் காலத்தில் 730 நாட்களை நிறைவுசெய்ய வாய்ப்பிருக்கிறதா என்று பார்க்கப்படும். கனடியக் குடிமகனான கணவனுடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும், குடிமகனான தாய் அல்லது தந்தையுடன் வெளிநாட்டில் இருந்த பிள்ளையின் நாட்களும் கணக்கில் சேரும். ஆனால் கனடியக் குடிமகனான மகனுடன் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தங்கியிருந்த தாயின் நாட்கள் சேரா. பிள்ளைகளின் ஸ்பொன்சர் (குடும்ப அனுசரணை) மூலம் வந்து, குளிரும் தனிமையும் தாங்காமல் ஊருக்குத் திரும்பி நீண்டகாலம் தங்கிவிடும் முதியவர்கள் அதிகமாகச் சிக்குவது இந்த இடத்தில்தான்.

அட்டை காலாவதியாவதால் வதிவிட உரிமை பறிபோவதில்லை. அட்டை வெறும் அத்தாட்சிதான். உரிமையை இழப்பதற்கு முறையான முடிவொன்று எடுக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும்போது அட்டை காலாவதியாகிவிட்டால், விமானம் ஏறுவதற்கு நிரந்தர வதிவாளருக்கான பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு நாட்கணக்கும் ஆராயப்படும் என்பதை நினைவில் வையுங்கள். பயண ஆவணம் மறுக்கப்பட்டால் 60 நாட்களுக்குள்ளும், கனடாவுக்குள் வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கப்பட்டால் 30 நாட்களுக்குள்ளும் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லலாம். நாட்கள் குறைந்ததற்கு மனிதாபிமானக் காரணம் இருந்தால் அந்தப் பிரிவு அதைக் கருத்தில் எடுக்கும். படுக்கையில் கிடந்த தந்தையைப் பார்ப்பதற்காகத் தங்க நேர்ந்தது என்றால், மருத்துவமனைக் கடிதங்களையும் மருந்துச் சீட்டுகளையும் அங்கிருக்கும்போதே சேர்த்துவையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அவற்றைத் தேடுவது எளிதல்ல. நாட்கள் குறைந்த நிலையில், எல்லை அதிகாரியால் அது பற்றி எந்த அறிக்கையும் எழுதப்படாமல் உள்ளே அனுமதிக்கப்பட்டவர், கடந்த ஐந்து ஆண்டில் 730 நாட்கள் நிறையும்வரை வெளியே போகாமலும் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்காமலும் இருப்பது புத்திசாலித்தனம்.

அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு மட்டும்

இந்தப் பகுதியை அகதி அந்தஸ்தின் வழியாக வதிவிட உரிமை பெற்றவர்கள் நிதானமாக வாசிக்க வேண்டும். 2012 டிசம்பர் 15 வரை, அகதியாக ஏற்கப்பட்டுப் பின்னர் பி.ஆர். பெற்ற ஒருவர் ஊருக்குப் போய்வந்தாலும் அவருடைய வதிவிட உரிமைக்கு ஆபத்து இருக்கவில்லை. அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த நிலையை மாற்றியது. தான் தப்பிவந்த நாட்டின் பாதுகாப்பை ஒருவர் தன் விருப்பத்தோடு மீண்டும் நாடியிருக்கிறார் என்று அரசு விண்ணப்பித்து, அகதிகள் பாதுகாப்புப் பிரிவு அதை ஏற்றுக்கொண்டால், அகதி அந்தஸ்து முடிவுக்கு வருவதோடு நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்தே போய்விடும். அதன் மீது மேன்முறையீடு கிடையாது; சமஷ்டி நீதிமன்றத்தில் சட்ட மீளாய்வுக்கு அனுமதி கேட்கும் வழி மட்டுமே எஞ்சும். பி.ஆர். பெற்று எத்தனை ஆண்டுகள் ஆயின, இங்கே பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பவை இந்த முடிவைத் தானாகத் தடுத்துவிடுவதில்லை.

ஆபத்தைக் கொண்டுவரும் செயல்கள் இரண்டு. ஒன்று, இலங்கைக் கடவுச்சீட்டைப் பெறுவது அல்லது புதுப்பிப்பது. மற்றது, அதைக் கொண்டு பயணம் செய்வது, குறிப்பாக இலங்கைக்கே திரும்பிச் செல்வது. கடவுச்சீட்டை வாங்கினாலே அந்த அரசின் பாதுகாப்பை நாடும் எண்ணம் இருந்தது என்ற அனுமானம் எழும். அதை மறுக்கும் பொறுப்பு உங்களுடையது. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் போய்வருவது நமக்கு இயல்பான கடமையாகத் தோன்றினாலும், விசாரணை அறையில் அது வேறுவிதமாக எடைபோடப்படும். 2022இல் கமாயோ வழக்கில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஓரளவு ஆறுதல் தரும் தீர்ப்பை வழங்கியது. விளைவுகள் அந்த நபருக்குத் தெரிந்திருந்தனவா, பயணத்தின் நோக்கம் என்ன, துன்புறுத்தியவர் அரசா வேறு தரப்பா, ஊரில் இருந்தபோது மறைந்திருத்தல் போன்ற முன்னெச்சரிக்கைகளை எடுத்தாரா என்பவற்றையெல்லாம் தீர்ப்பாளர் பார்க்க வேண்டும் என்று அது கூறியது. இந்தத் தீர்ப்பு ஏற்கெனவே போய்வந்துவிட்டவருக்குக் கைகொடுக்கலாம். இனிமேல் போக நினைப்பவர் இதை நம்பிப் புறப்படுவது ஆபத்து. இந்தப் பத்தியை வாசித்தபின் விளைவு தெரியாது என்று அவர் சொல்லவும் முடியாது.

மாற்று வழி உண்டு. அகதிப் பயண ஆவணத்தைக் கனடிய அரசிடமிருந்து பெறலாம். தப்பிவந்த நாட்டைத் தவிர ஏனைய நாடுகளுக்குச் செல்ல அது பயன்படும், ஒவ்வொரு நாட்டின் விசா விதிகளையும் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோரை வேறொரு நாட்டுக்கு வரவழைத்துச் சந்திக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. செலவு கூடினாலும் அது பாதுகாப்பான வழி. குடும்ப ஸ்பொன்சரில் வந்த, தான் அகதியாக ஏற்கப்படாத மனைவிக்கோ கணவனுக்கோ இந்த விதி பொருந்தாது. கனடியக் குடிமகனாகிவிட்டவருக்கும் பொருந்தாது. ஆகவே ஊரைப் பார்க்கும் ஆசை உள்ள ஒவ்வொரு முன்னாள் அகதியும் முதலில் குடியுரிமையை எடுத்துவிட்டுப் பயணச் சீட்டைப் பற்றி யோசிப்பதே முறை.

ஏற்கெனவே போய்வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டையைப் புதுப்பிக்கும்போதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் பயணங்கள் வெளிப்படும். அகதி நிலை பற்றிய விசாரணை தொடங்கினால் குடியுரிமை விண்ணப்பத்தை நிறுத்திவைக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. எனவே படிவத்தில் கை வைக்கும் முன்பே அகதிச் சட்டத்தில் அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள். பயணத்தை மறைத்து எழுதலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. விமானத்தில் வெளியேறுபவர்களின் விவரங்களையும் 2020 முதல் எல்லைச் சேவை முகவரகம் சேகரிக்கிறது. பொய்யான தகவல் தந்தால், ஒரு சிக்கலோடு இன்னொரு பெரிய சிக்கல் சேரும்.

குற்ற வழக்கும் குடிவரவும்

பத்து ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உச்சத் தண்டனைக்குரிய குற்றத்தில் தீர்ப்புப் பெற்றாலோ, எந்தக் குற்றத்துக்காயினும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றாலோ, நிரந்தர வதிவாளர் நாட்டிலிருந்து வெளியேற்றப்படக்கூடியவராகிறார். உங்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை எவ்வளவு சிறியது என்பது முதல் வகையில் பொருட்டல்ல. சட்டப் புத்தகத்தில் உள்ள உச்சத் தண்டனையே அளவுகோல். 2018 டிசம்பர் 18 முதல் மதுபோதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை ஐந்திலிருந்து பத்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. இதனால் அபராதத்தோடு முடிந்த ஒரு வழக்குக்கூட வதிவிட உரிமையைக் கேள்விக்குள்ளாக்கும். விருந்து முடிந்து காரை எடுக்கும் பி.ஆர். வைத்திருப்பவர் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது ஐயமே.

ஆறு மாதம் அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றவருக்கு மேன்முறையீட்டு உரிமையும் இல்லை. அதனால்தான் தண்டனை ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்க வேண்டும் என்று சட்டத்தரணிகள் வாதாடுகிறார்கள். தண்டனை வழங்கும் நீதிபதி குடிவரவு விளைவுகளைக் கருத்தில் எடுக்கலாம் என்று 2013இல் பாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. குற்றவியல் சட்டத்தரணியிடம் பேசும் முதல் நாளிலேயே நீங்கள் குடிமகன் அல்ல என்பதைச் சொல்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் வழக்கு சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால், அதன் குடிவரவு விளைவை எழுத்தில் கேட்டுப் பெறாமல் தலையசைக்க வேண்டாம்.

இங்கே ஸ்பொன்சரில் வந்த மனைவியர் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு. இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழாவிட்டால் பி.ஆர். பறிபோகும் என்ற நிபந்தனை 2012இல் கொண்டுவரப்பட்டு 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. உண்மையான திருமணத்தின் பேரில் வதிவிட உரிமை பெற்ற ஒரு பெண், வன்முறை காரணமாக வீட்டை விட்டு வெளியேறினால் அந்த உரிமையை இழக்கமாட்டார். கணவன் தொலைபேசியில் குடிவரவுத் திணைக்களத்துக்குச் சொல்லி அவரை நாடு கடத்திவிடவும் முடியாது. ஸ்பொன்சர் செய்தவர் மூன்று ஆண்டுகளுக்கு ஏற்ற பொருளாதாரப் பொறுப்பும் பிரிவினால் அற்றுப்போவதில்லை.

குடியுரிமை விண்ணப்பம்

விண்ணப்பத்தில் கையொப்பமிடும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பி.ஆர். பெறுவதற்கு முன் மாணவராகவோ தொழிலாளராகவோ பார்வையாளராகவோ, அல்லது அகதியாக ஏற்கப்பட்டவராகவோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும். இப்படி அதிகபட்சம் 365 நாட்களே கிடைக்கும். இரண்டு ஆண்டுகள் இங்கே படித்துப் பின் வதிவிட உரிமை பெற்றவருக்கு 365 நாட்கள் கையில் இருக்கும். மேலும் 730 நாட்கள் முழுமையாக இருந்தால் போதும். அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருந்த காலம் சேராது. கோரிக்கை ஏற்கப்பட்ட நாளிலிருந்தே அரை நாட்கள் எண்ணப்படும். சிறையிலோ நன்னடத்தைக் கண்காணிப்பிலோ கழிந்த காலமும் பொதுவாகச் சேராது. நாட்டை விட்டுப் புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் இருந்த நாட்களாகவே கொள்ளப்படும். திணைக்களத்தின் இணையக் கணிப்பானில் கணக்கிட்டு, 1,095 வந்த மறுநாளே அனுப்பாமல் சில வாரங்கள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்குப் போன, மறந்துபோன ஒரு வார இறுதிப் பயணம் முழு விண்ணப்பத்தையும் கெடுத்துவிடக்கூடும்.

அந்த ஐந்து ஆண்டுகளில், வரிச் சட்டம் கோரும்பட்சத்தில், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு வருமான வரி அறிக்கை தாக்கல் செய்திருக்க வேண்டும். வருமானம் இல்லாத ஆண்டிலும் தாக்கல் செய்துவிடுவது நல்லது. பிள்ளைகளுக்கான கொடுப்பனவுக்கும் அது தேவை. கடுமையான குற்றத்துக்கான வழக்கு நிலுவையில் இருந்தாலோ, கடந்த நான்கு ஆண்டுகளில் அத்தகைய தீர்ப்புப் பெற்றிருந்தாலோ குடியுரிமை வழங்கப்படாது.

கையொப்பமிடும் நாளில் 18 முதல் 54 வயதுக்குட்பட்டவர், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கேட்டுப் பேசும் திறனில் கனடிய மொழி அளவீட்டின் நான்காம் நிலையை எட்டியிருப்பதற்குச் சான்று தர வேண்டும். இதற்கெனப் பணம் கட்டித் தேர்வு எழுதத்தான் வேண்டும் என்றில்லை. புதிதாக வந்தோருக்கு அரசு நடத்தும் இலவச மொழி வகுப்பான லிங்கில் நான்காம் நிலையை முடித்த சான்றிதழோ, ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் படித்துப் பெற்ற உயர்நிலைப் பள்ளி, கல்லூரிச் சான்றிதழோ போதும். லிங்க் வகுப்புகள் நிரந்தர வதிவாளருக்கும் அகதியாக ஏற்கப்பட்டவருக்கும் உரியவை. குடிமகனானபின் அந்தக் கதவு மூடிவிடும். ஆகவே தொழிற்சாலை இரவு வேலையில் களைத்துப்போனவர்களும் அதை இப்போதே பயன்படுத்திக்கொள்வது நல்லது. 55 வயதானவருக்கு மொழிச் சான்றும் பரீட்சையும் தேவையில்லை. 54 வயதில் ஆங்கிலம் தடுமாறுகிறவர், அகதி விவகாரம் எதுவும் தலைக்கு மேல் தொங்காவிட்டால், ஓராண்டு பொறுப்பதில் தவறில்லை.

பரீட்சையில் 20 கேள்விகள். 15 சரியாக இருக்க வேண்டும். வரலாறு, அரசமைப்பு, உரிமைகளும் கடமைகளும் என யாவும் திணைக்களம் இலவசமாக வெளியிடும் ஒரே கையேட்டிலிருந்து வருவதால், அதை இரண்டு முறை ஊன்றிப் படித்தவருக்கு அச்சமில்லை. வயதுவந்தவருக்கான செயலாக்கக் கட்டணம் 530 டொலர். அதோடு குடியுரிமை உரித்துக் கட்டணமும் சேரும், அது அவ்வப்போது உயர்த்தப்படுகிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 100 டொலர் மட்டுமே. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலோ பிள்ளையோடு சேர்ந்து விண்ணப்பித்தாலோ, பிள்ளைக்கு 1,095 நாள் கணக்கும் கிடையாது. குடும்பமாக அனுப்புவது பெரும்பாலும் வசதியானது. ஆயினும் ஒருவரின் கோப்பில் சிக்கல் இருந்தால் அவருடையதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படிவம் நிரப்ப உதவி தேவைப்பட்டால், கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லச் சட்டப்படி அனுமதி பெற்றவர்கள் யார் என்று பாருங்கள். மாகாணச் சட்டச் சங்கங்களின் அனுமதி பெற்ற சட்டத்தரணிகளும் துணைச் சட்டவாளர்களும், கியூபெக்கின் நொத்தாரிசுகளும், 2021 நவம்பரில் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பெற்ற குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் பதிவுள்ள ஆலோசகர்களும்தான் அவர்கள். கடைத்தெருவில் மொழிபெயர்ப்பும் பயணச்சீட்டும் விற்கும் இடத்தில் குடிவரவு ஆலோசனையும் கிடைக்கிறது என்றால், பதிவெண்ணைக் கேட்டு அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் சரிபாருங்கள். யார் நிரப்பினாலும், கையொப்பமிடுபவர் நீங்கள். தவறான தகவலுக்கான தடை ஐந்து ஆண்டுகள் உங்களைத்தான் சேரும்.

சத்தியப்பிரமாணம் எடுத்த கணத்தில் நிரந்தர வதிவாளர் என்ற நிலை முடிந்துவிடும். பழைய அட்டையைக் காட்டிப் பயணம் செய்ய முடியாது. கனடியக் கடவுச்சீட்டு கைக்கு வரும்வரை வெளிநாட்டுப் பயணத்தைப் பதிவுசெய்யாதீர்கள். 1977 பெப்ரவரி 15 முதல் கனடா இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை. ஆனால் இலங்கைச் சட்டத்தின்படி, வேறு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் இலங்கைக் குடியுரிமையை இழப்பார். அதைத் தக்கவைக்கவோ மீளப்பெறவோ தனியே விண்ணப்பிக்க வேண்டும், ஊரில் காணி உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடாமல் பார்ப்பது நல்லது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழைப் பெற்றபின், வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.